வியாழன் இரவு 25 மணி 25 நிமிடம்

ஜப்பானியத் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சி நிரல் நள்ளிரவோடு நாளை முடித்துவிடாது. 24 மணிக்குப் பிறகு 25, 26 என்று அதே நாளின் கணக்கிலேயே நீளும். ஒசாகாவின் எம்பிஎஸ் நிலையத்துக்கு 2011 ஜனவரியில் ஒரு புதிய அனிமே தொடர் வந்தபோது, அதன் நேரம் வியாழன் 25.25. நம் கணக்கில் வெள்ளி அதிகாலை 1.25. ஊரே உறங்கும் அந்த அரைமணி நேரத்தில் விளம்பர வருமானத்தைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. தயாரிப்புச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் நிறுவனங்கள் ஒரு குழுவாகச் சேரும், ஒளிபரப்பு நேரத்துக்கும் அவையே பணம் கட்டும். பிறகு வட்டு விற்பனையிலும் பொம்மை, பாடல் விற்பனையிலும் போட்டதை எடுக்கப் பார்க்கும். பின்னிரவு அனிமே பெரும்பாலும் இப்படித்தான் பிழைத்தது. தொடரின் பெயர் ‘புயெல்லா மாகி மடோகா மாகிகா’. மொத்தம் 12 எபிசோடு, வாரம் ஒன்று.

வாராவாரம் பார்த்து, வாராவாரம் எழுதப்படும் அனிமே விமர்சனத்தை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு. முழுத் தொடரையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது அவசரம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழு நாள் இடைவெளியும் படைப்பின் ஒரு பகுதி. அந்த இடைவெளியில் பார்த்தவர்களின் மனம் என்ன செய்தது என்ற பதிவு வாராவார விமர்சனத்தில்தான் கிடைக்கும், வேறெங்கும் கிடைக்காது. இந்தத் தொடர் எழுத்துமேசையிலிருந்து கிளம்பிப் போய்ச்சேர்ந்த வழியைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

புறப்பாட்டிலேயே ஒரு மறைப்பு இருந்தது. அனிப்ளெக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாளர் அட்சுஹிரோ இவகாமியும் இயக்குநர் அகியுகி ஷின்போவும் மந்திர சக்தி பெறும் சிறுமிகளின் கதை ஒன்றை, மூலக் கதைப்புத்தகம் எதுவும் இல்லாமல், புதிதாகச் செய்ய விரும்பினார்கள். கதாபாத்திரங்களின் முகங்களை வரைய ஊமே ஆயோகியை அழைத்தார்கள். ‘ஹிடமாரி ஸ்கெட்ச்’ என்ற நான்கு கட்டச் சித்திரக்கதையில் வட்ட முகமும் குண்டுக் கன்னமுமாகப் பெண்பிள்ளைகளை வரைந்து பெயர் வாங்கியவர் அவர். திரைக்கதையைக் கொடுத்ததோ கென் உரோபுச்சியிடம். நைட்ரோபிளஸ் நிறுவனத்தின் கணினி விளையாட்டுகளுக்கு இருண்ட, இரத்தம் தோய்ந்த கதைகளை எழுதிவந்த கை அது. முன்கூட்டி வந்த விளம்பரங்கள் ஆயோகியின் முகங்களைத்தான் காட்டின, உரோபுச்சியின் கதையைக் காட்டவில்லை. அவரும் மனதுக்கு இதமான கதை எழுதுவதாகவே வெளியில் சொல்லிக்கொண்டிருந்தார். 12 எபிசோடுக்கும் திரைக்கதை அவர் ஒருவருடையது. ஒளிபரப்பு தொடங்குவதற்கு வெகு முன்னரே அது முடிந்திருந்தது. பின்னால் வரப்போகிற ஒரு விஷயத்துக்காக இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்து படமாக மாறியது டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில், ஷாஃப்ட் ஸ்டுடியோவில். ஒரு எபிசோடு எப்படி உருவாகிறது என்பதை ஒரே ஒரு தாளில் காட்டலாம். அனிமே தொழிலில் அதற்கு டைம்ஷீட் என்று பெயர். ஒரு தாளுக்கு 6 வினாடி, ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம், ஆக 144 கட்டங்கள் மேலிருந்து கீழாக. எந்த ஓவியம் எத்தனை கட்டம் நிற்கும், வாய் எங்கே திறக்கும், கேமரா எங்கே நகரத் தொடங்கும் எல்லாம் அந்தக் கட்டங்களில் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு எட்டே ஓவியம் போதும். 1963-இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை வாராவாரம் கொடுக்க ஒசாமு தெசுகா கைக்கொண்ட சிக்கனம் அது, இன்றுவரை தொடர்கிறது. ஒரு எபிசோடில் ஏறக்குறைய 300 ‘கட்’, அதாவது காட்சித் துண்டுகள், இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உறை. முக்கிய நிலைகளை ஒருவர் வரைவார். முகம் கோணினால் ஓவிய இயக்குநர் மஞ்சள் தாளை மேலே வைத்துத் திருத்துவார். இடைப்பட்ட நிலைகளை வேறொருவர் நிரப்புவார், பிறகு வண்ணம், பிறகு பின்னணியோடு சேர்ப்பு. இந்த உறைகளைச் சேகரித்து, யாரிடம் எது தேங்கிக் கிடக்கிறது என்று கணக்கு வைத்து, ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு ஓவியர்களின் வீடு வீடாக அலைகிற இளைஞர்களின் உழைப்பில்தான் எபிசோடு நேரத்துக்கு நிலையம் போய்ச் சேர்கிறது. வாரத்துக்கு வாரம் எபிசோடு இயக்குநர் மாறுவார், ஓவிய இயக்குநர் மாறுவார். ஐந்தாம் வாரத்தில் ஒரு முகம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்கிற விமர்சகர் கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

இந்தத் தொடரில் ஒரு பகுதி மட்டும் அந்த உறைகளின் வழியே வரவில்லை. சிறுமிகள் எதிர்த்துச் சண்டையிடும் சூனியக்காரிகள் வாழும் மாய உலகங்களை ‘கெகிடான் இனு கறி’ என்ற இருவர் அணியிடம் விட்டிருந்தார்கள். அவர்கள் செய்தது காகிதத்தைக் கத்தரித்து ஒட்டும் வேலை. லேஸ் துணி, பழைய அச்சுப் படங்கள், கத்தரிக்கோல், ரோஜா, பஞ்சு உருண்டை முகத்தில் முறுக்கு மீசை வைத்த சிறு பிராணிகள். ஆயோகியின் வட்ட முகச் சிறுமி அதன் நடுவே ஓடும்போது, இரண்டு வெவ்வேறு கைகள் ஒரே திரையில் மோதுவது கண்ணுக்குத் தெரியும். எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். பயத்தை வசனத்தால் உண்டாக்காமல், படம் செய்யப்பட்ட விதத்தாலேயே உண்டாக்கியிருக்கிறார்கள்.

ஜனவரி 7 அதிகாலை முதல் எபிசோடு போனது. முதல் இரண்டு வாரம் அழகான, சற்றே விநோதமான சிறுமிக் கதை. மாமி என்ற அக்கா, மடோகா, சயாகா என்ற இரண்டு சிறுமிகளுக்கு வழிகாட்டி, துப்பாக்கிகளை வரவழைத்துச் சண்டை போடுகிறாள், தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள். ஜனவரி 21, மூன்றாவது எபிசோடு. இனி தனியாக இல்லை என்ற சந்தோஷத்தோடு மாமி சண்டைக்குப் போகிறாள், சூனியக்காரியின் வாயில் தலையைப் பறிகொடுக்கிறாள். அதுவரை ஒலிக்காத ‘மாகியா’ என்ற முடிவுப் பாடல் அன்றுதான் முதன்முதலாக வருகிறது. அதற்குப் பிறகு ஏழு நாள் ஒன்றுமில்லை. இன்று ஒரே மூச்சில் பார்ப்பவருக்கு மாமியின் சாவு அடுத்த எபிசோடு ஓடத் தொடங்கியதும் பழைய செய்தியாகிவிடும். 2011-இல் பார்த்தவர்கள் ஒரு வாரம் அதோடு இருந்தார்கள். வார இதழில் தொடர்கதை படித்து வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், ‘தொடரும்’ என்ற சொல்லுக்குப் பிறகு வரும் நாட்களில்தான் கதை வளரும் என்பார்கள்.

அந்த நாட்களைப் பார்வையாளர்கள் சும்மா கழிக்கவில்லை. சூனியக்காரிகளின் உலகச் சுவர்களில் புரியாத எழுத்துகள் கிறுக்கப்பட்டிருந்தன. ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, எந்தக் கிறுக்கல் எத்தனை முறை வருகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றும் ஒரு லத்தீன் எழுத்துக்குப் பதிலாக நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். படித்துப் பார்த்தால் ஜெர்மன். கெதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்து வரிகள். ஆன்மாவை அடகு வைத்து ஆசையை நிறைவேற்றிக்கொள்பவனின் கதை அது. ஒரு வரத்துக்குப் பதிலாகச் சிறுமிகளிடம் ஒப்பந்தம் கேட்கும் கியூபே என்ற வெள்ளைப் பிராணி யார் பக்கம் என்பதைக் கதை சொல்வதற்கு வாரங்கள் முன்பே சுவர் சொல்லிவிட்டது. விமர்சனம் என்ற பெயருக்குத் தகுந்த வேலை இது. திரையில் இருப்பதை ஊன்றிப் பார்த்து, அதிலிருந்து அர்த்தத்தை எடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி முழுக்க சயாகாவின் மாதம். ஆறாவது எபிசோடில் மடோகா நல்லெண்ணத்தில், அதற்குள் ஒப்பந்தம் செய்துகொண்டுவிட்ட சயாகாவின் மாயக்கல்லைப் பாலத்திலிருந்து வீசுகிறாள். கீழே போகும் லாரியில் அது விழுந்து தூரமாகப் போக, சயாகாவின் உடம்பு பிணமாகச் சரிகிறது. ஆன்மா கல்லுக்குள் இருக்கிறது, உடம்பு வெறும் கூடு. இதைச் சொல்லிவிட்டு எபிசோடு முடிகிறது. எட்டாவதில் அவளே சூனியக்காரியாகிறாள். அதுவரை கொல்லப்பட்ட சூனியக்காரிகளெல்லாம் ஒரு காலத்தில் இவளைப்போன்ற சிறுமிகள் என்பது அப்போதுதான் துலங்குகிறது. மீசை வைத்த பஞ்சு உருண்டைகளைப் பார்த்து ரசித்தவர்கள் ஏழு வாரம் பின்னோக்கிப் போய் அந்த ரசனையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

குறைகளும் இருந்தன, அவற்றையும் அந்தந்த வாரமே சுட்டிக்காட்டினார்கள். தூரக் காட்சிகளில் முகங்கள் கரைந்துபோயின, பின்னணிகள் சில இடங்களில் வெறுமையாக நின்றன. என் கணக்கில் பெரிய குறை கியோகோ என்ற இன்னொரு மந்திரச் சிறுமி. நாலாவதின் கடைசியில் எதிரியாக வருகிறாள், ஒன்பதாவதில் சயாகாவுக்காக உயிரைக் கொடுக்கிறாள். நடுவில் அவள் வாழ்க்கை முழுவதையும் ஏழாவது எபிசோடில், பாழடைந்த தேவாலயத்தில் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிமுடிக்கிறாள். சயாகாவின் வீழ்ச்சிக்கு வாரங்களைக் கொடுத்த தொடர், கியோகோவின் மனமாற்றத்துக்கு ஒரு பேச்சைத்தான் கொடுத்தது.

மார்ச் 11, வெள்ளி, அதிகாலை 1.25. எம்பிஎஸ்ஸில் பத்தாவது எபிசோடு. ஆரம்பப் பாடல் இல்லாமலே தொடங்குகிறது. ஆரம்பத்திலிருந்து விறைப்பாகவே நின்ற ஹோமுரா என்ற பெண், கண்ணாடியும் இரட்டைச் சடையுமாகப் பயந்த சுபாவத்தோடு வகுப்புக்குள் வருகிறாள். மடோகாவைக் காப்பாற்ற அதே ஒரு மாதத்தை அவள் திரும்பத் திரும்ப வாழ்ந்திருக்கிறாள். முதல் எபிசோடு தொடங்கிய கனவுக் காட்சி, அவள் வாழ்ந்து தோற்ற ஒரு சுற்றின் நினைவு. வாராவாரம் கேட்டுப் பழகிய ஆரம்பப் பாடல் ‘கனெக்ட்’ கடைசியில் ஒலிக்கிறது. இத்தனை நாள் மடோகாவின் குரலென்று நினைத்திருந்தது ஹோமுராவின் குரலாக மாறுகிறது. ஒன்பது வாரப் பழக்கம் இல்லாமல் இந்த மாற்றம் வேலை செய்யாது.

அன்று பிற்பகல் 2.46-க்கு ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவு நிலநடுக்கம். சுனாமி, பிறகு ஃபுகுஷிமா அணு உலை விபத்து. டோக்கியோவின் டிபிஎஸ் நிலையம் ஒசாகாவுக்கு ஒரு நாள் பிந்தி இந்தத் தொடரை ஒளிபரப்பிவந்தது. அன்றிரவு அங்கே பத்தாவது எபிசோடு வரவில்லை. அடுத்த வாரம் எங்குமே பதினோராவது வரவில்லை. அந்த எபிசோடில் வால்புர்கிஸ் இரவு என்னும் மாபெரும் சூனியக்காரி நகரத்தின் மேல் இறங்குகிறாள். கட்டடங்கள் பிய்ந்து பறக்கின்றன, மடோகாவின் குடும்பம் மற்றவர்களோடு முகாமில் தஞ்சம் புகுந்திருக்கிறது. இப்படி ஒரு பேரழிவு வரும் என்று எழுதும்போது யாருக்கும் தெரியாது. ஆனால் வடகிழக்கு ஜப்பானின் தோஹோகுவில் உண்மையான முகாம்களில் மக்கள் படுத்திருந்த அந்த நாட்களில் அதை ஒளிபரப்ப முடியாது என்று ஒத்திவைத்தது சரியான முடிவு.

இப்படியாக ஏழு நாள் இடைவெளி ஆறு வாரமானது. ஹோமுராவின் ரகசியம் ஒசாகாவில் பார்த்தவர்களுக்குத் தெரியும், டோக்கியோவில் தொலைக்காட்சியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் 21 காலை யோமியுரி நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம். அன்று பின்னிரவில் ஒசாகாவில் கடைசி இரண்டு எபிசோடுகள் அடுத்தடுத்து வந்தன, டோக்கியோவில் பத்தாவதும் சேர்த்து மூன்று. முகாமின் படிக்கட்டில் தாய் மடோகாவை வழிமறித்து அறைகிறாள், பிறகு மகளின் கண்ணைப் பார்த்துவிட்டுப் போக விடுகிறாள். ஜனவரியில் பார்த்திருந்தால் ஒரு நல்ல குடும்பக் காட்சி. அந்த ஏப்ரலில், பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த பெற்றோர்களைச் செய்தியில் பார்த்த கண்களுக்கு அது வேறு காட்சி. படைப்பாளிகள் திட்டமிடாத இந்தப் பாரத்தை அன்று எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று வட்டில் பார்க்கும் ஒருவருக்கு அது தானாகத் தெரிய வழியில்லை.

ஏப்ரல் 27-இல் முதல் ப்ளூ-ரே வட்டு கடைக்கு வந்தது. வாராவாரம் குறை சொல்லப்பட்ட முகங்களும் பின்னணிகளும் வட்டுக்காகப் பல இடங்களில் திருப்பி வரையப்பட்டிருந்தன. ஆகவே அந்த அதிகாலைகளில் வெளியான வடிவம் இப்போது புழக்கத்தில் இல்லை. அதைப் பற்றி அப்போதே எழுதிவைத்தவர்களின் சொல்லில்தான் அது மிச்சமிருக்கிறது. அதே ஆண்டின் ஜப்பான் ஊடகக் கலை விழாவில் அனிமேஷன் பிரிவின் பெரும்பரிசும் தொடருக்குக் கிடைத்தது. 2012 அக்டோபரில் 12 எபிசோடையும் இரண்டு திரைப்படங்களாகச் சுருக்கி வெளியிட்டார்கள். படம் துலக்கமாக இருக்கிறது, ஒலி பிரமாதம். ஆனால் மாமி செத்துச் சில நிமிடங்களில் நாம் சயாகாவோடு நடக்கத் தொடங்கிவிடுகிறோம், இழவு கொண்டாட நேரமில்லை.

ஓவியத்தைத் திருத்த முடிந்தது, கியோகோவின் அவசரத்தைச் சுருக்கப் படங்களும் சரிசெய்யவில்லை. 2013 அக்டோபரில் வந்த ‘ரெபெல்லியன்’ என்ற மூன்றாவது படத்தில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. அதில் அவள் சயாகாவின் வீட்டிலேயே தங்கி, அதே பள்ளிக்குப் போகிறாள், இருவரும் தோளோடு தோள் நின்று சண்டை போடுகிறார்கள். அந்த நகரம் பொய்யான நகரம்தான், ஆனாலும் ஏழாவது வாரத்தில் கேட்ட கேள்விக்கு அது இரண்டரை ஆண்டு கழித்து வந்த பதில்.