டிரைவருக்குள் இருந்த பழைய கடிகாரம்



மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் ஹாஸ்டல் சாம்பார் பற்றி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சோறு தின்னும் தொழிலிலிருந்து ஒரு சின்ன சரித்திரம் சொல்கிறேன்.

தென்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து படித்தவன் நான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'அடை' பற்றிப் பேசுவார்கள். பேட்டிலும் முந்தியிலும் வரவேண்டிய வடிவத்தை நூலிலேயே கட்டி வைத்து, அதை இழுத்து இழுத்து நெய்யும் பழைய முறை. பிறகு ஜக்கார்டு பெட்டி வந்தது, வடிவம் ஓட்டை போட்ட அட்டைக்கு மாறியது. கட்டிக்கொண்டவர்களுக்குப் புடவை அதே புடவைதான். உள்ளே விவரத்தை வைக்கும் விதம் மாறிப் போச்சு. லினக்ஸில் நடந்ததும் இதுதான். ஆனால் ஒரு வித்தியாசம்: அங்கே தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடையைக் கழற்ற வேண்டியிருந்தது.

டிரைவர் என்பது கெர்னலுக்கும் கருவிக்கும் நடுவே நிற்கும் துபாஷி. மவுஸ், கேமரா, டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துபாஷி. இவர்களில் பலர் நேரத்தைக் குறித்துக்கொள்ள 'டைம்வால்' என்ற கட்டமைப்பை வைத்திருந்தார்கள். அதில் இரண்டே அறை: ஒன்றில் விநாடி, இன்னொன்றில் மைக்ரோ விநாடி. 1983-ல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் வழியாகப் பரவியது. விநாடியை 1970 ஜனவரி 1 முதல் எண்ணுவார்கள். 32 பிட் இயந்திரத்தில் அந்த அறை கொள்ளும் உச்ச எண் 2,147,483,647.

முன்னோர்களை ரொம்பத் திட்டவும் முடியாது. 1971-ல் முதல் யூனிக்ஸ் கையேட்டில் நேரத்தை விநாடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணினார்கள். அந்தக் கணக்கில் 32 பிட் இரண்டே கால் வருஷத்தில் தீர்ந்துவிடும்! அவர்களுக்கு 2038 எவ்வளவு தூரமாகத் தெரிந்திருக்கும்.

எனக்கு இந்தக் கட்டமைப்போடு நேரடிப் பகை வந்தது 2015-ல். (கெர்னல் என்ற வார்த்தையே 2012-ல் கிடைத்த அரசு லேப்டாப்பில் இருந்த பாஸ் லினக்ஸில்தான் எனக்கு அறிமுகம்.) அப்போது வேலை பார்த்த இடத்தில் இயந்திரத்தின் சுற்றுகளை எண்ணும் ஒரு பெட்டி செய்தோம். செலவைக் குறைக்க அதில் பேட்டரிக் கடிகாரம் வைக்கவில்லை. கரண்ட் வந்ததும் பெட்டி 1970-ல் கண் விழிக்கும். நெட்வொர்க்கிலிருந்து நேரம் வந்ததும் ஒரே தாவலில் 2015-க்கு வந்துவிடும். டிரைவரோ இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சுவர்க்கடிகார நேரத்தில் கழித்துப் பார்த்தது. நாற்பத்தைந்து வருஷமாகத் துடிப்பே இல்லை, இயந்திரம் நின்றுவிட்டது என்று அலாரம் அடித்தது. "பெரிய எண் வந்தால் கண்டுக்காதே" என்று ஒரு வரி சேர்த்துச் சமாளித்தேன். அந்த டிரைவரை எழுதியவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாள்.

2019-ல் புதுக் கெர்னலுக்கு மாறினோம். கம்பைல் ஆகவில்லை. டைம்வாலை நிரப்பித் தரும் 'டூ கெட்டைம் ஆஃப் டே' என்ற ஃபங்ஷனையே 5.0-ல் எடுத்துவிட்டார்கள். "ஓடுகிற வண்டியின் ஆணியை ஏன்டா பிடுங்கினீர்கள்" என்று திட்டிக்கொண்டேதான் பழைய மாற்றங்களைப் படிக்க உட்கார்ந்தேன்.

படித்தால், அது ஒரு நாள் வேலையில்லை. நெட்பிஎஸ்டி 2012-லும் ஓபன்பிஎஸ்டி 2014-லும் நேரத்தை 64 பிட்டாக்கிவிட்டன. லினக்ஸுக்கு அது சுலபமில்லை. ஏற்கெனவே ஓடும் 32 பிட் புரோகிராம் ஒன்றும் உடையக் கூடாது என்பது அவர்கள் விரதம். ஆர்ண்ட் பெர்க்மன் என்ற ஜெர்மானியர் முன்னின்று வருஷக்கணக்காக டிரைவர் டிரைவராகப் பார்த்தார்கள். பெயரை மாற்றிப் போட்டால் முடிகிற வேலையாக இல்லை. ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி: இந்த டிரைவருக்கு வேண்டியது தேதியா, கழிந்த நேரமா? பல இடங்களில் கழிந்த நேரம்தான் தேவை. அதற்கு முன்னும் பின்னும் தாவாத, ஒரே திசையில் ஏறும் கடிகாரம் கெர்னலிலேயே உண்டு. என் பெட்டிக்கும் அதுதான் மருந்து. நான்கு வருஷம் முன்னாலேயே நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

இதில் தீபா தினமணி என்ற பெண்ணின் பங்கை நம் மாணவிகள் கவனிக்க வேண்டும். அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டத்தில் நுழைந்தவர், ஃபைல்களின் நேர முத்திரையை 64 பிட்டாக்கும் வேலையைத் தூக்கிச் சுமந்தார். அது 2018-ல் 4.18-ல் சேர்ந்தது. மவுஸ், கீபோர்டு நிகழ்வுகளின் கட்டமைப்பு இன்னும் சிக்கல். அதன் அளவை மாற்றினால் வெளியே இருக்கும் புரோகிராம்கள் உடையும். அவர் அளவைத் தொடவில்லை. விநாடியைக் கழித்தல் குறி இல்லாத எண்ணாகப் படிக்க வைத்தார். ஆயுள் 2106 வரை நீண்டது. எனக்கு இந்தத் தந்திரம்தான் மொத்தக் கதையிலும் பிடித்தது.

2019-ல் வந்த 5.1-ல் 32 பிட் இயந்திரங்களுக்கு 64 பிட் நேரத்தோடு புதிய சிஸ்டம் கால்கள் வந்தன. கெர்னலுக்குள் டைம்வாலும் அதன் சகோதரர்களும் விடைபெற்றது 5.6-ல். அது வெளியான தேதி 2020 மார்ச் 29. நம்ம ஊரில் ஊரடங்கின் ஐந்தாம் நாள். ஊர் அடங்கியிருந்தது, நானும் வீட்டில்தான் இருந்தேன், இது நடந்ததைக் கவனிக்கக்கூட இல்லை.

கெர்னலில் போய்விட்டது சரி. பழைய கெர்னலோடு விற்றுப்போன எங்கள் பெட்டிகளை யாரும் திரும்ப வாங்கிப் புதுப்பிக்கவில்லை. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அதற்கு அடுத்த விநாடியில் அந்த மாதிரிப் பெட்டிகளில் தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பிக்கு அன்று முப்பது சொச்சம் வயதிருக்கும். கூப்பிட்டால் அவர்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெட்டிகளில் இரண்டு என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ரீயூனியனுக்கு வரும்போது எடுத்து வந்து நம் ஆய்வகத்தில் கொடுத்துவிடுகிறேன். தேதியை அந்தக் காலை 8.40-க்குத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.