பதினெட்டுப் பேருக்கு ஓர் ஆட்டம்

விளையாட்டுகளில் பலவற்றுக்கு ஜாதகம் கிடையாது. சடுகுடு எந்த ஊரில் பிறந்தது, பல்லாங்குழியின் முதல் குழியைத் தோண்டிய கை யாருடையது என்று கேட்டால், எல்லாம் தெரிந்த பாட்டிமார்கள்கூடக் கையை விரித்து விடுவார்கள். கூடைப் பந்தின் சமாசாரம் அப்படியல்ல. பிறந்த ஊர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், ஏன், தொட்டில் எத்தனை அடி உயரத்தில் கட்டப்பட்டது என்பது வரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்ட். தேதி, 1891-ஆம் வருஷம் டிசம்பர் 21. தகப்பனார், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற முப்பது வயது உபாத்தியாயர்.

இந்த ஜாதகத்தை இப்போது புரட்டுவதற்குக் காரணம் உண்டு. வருஷந்தோறும் குளிர் எட்டிப் பார்க்கும்போது, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊருக்கு ஊர் சிறுவர் சிறுமியரின் கூடைப் பந்துப் பருவம் தொடங்குகிறது. பெற்றோர் வந்து குழந்தைகளின் பெயரைப் பதிந்துவிட்டுப் போகிறார்கள். யாரோ ஒரு தகப்பனாரோ தாயாரோ சம்பளமில்லாப் பயிற்சியாளராக அகப்பட்டுக் கொள்கிறார். வாரநாளில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். முதல் நாளே அவருக்கு ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. அணியில் பத்துக் குழந்தைகள். களத்தில் இறங்கக் கூடியவர்களோ ஐந்து பேர். பாக்கி ஐந்து பேரை என்ன செய்வது? கெட்டிக்காரர்களையே ஆட விட்டு ஜெயிப்பதா? எல்லோரையும் இறக்கித் தோற்றாலும் தோற்கட்டும் என்று விடுவதா?

இந்தக் கேள்விக்கு விடை ஆட்டத்தின் ஜாதகத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

நெய்ஸ்மித் கனடாக்காரர். ஒன்பது வயதில் தாய் தகப்பன் இருவரையும் இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தார். நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரம் வெட்டப் போனார். பிறகு மனம் மாறித் திரும்பி வந்து படித்து, மான்ட்ரியாலில் மெக்கில் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். அதற்கு மேல் மத சாஸ்திரமும் பயின்றார். பிரசங்க மேடை ஏற வேண்டியவர், தேகப்பயிற்சிக் கூடத்தில் இருந்துகொண்டும் வாலிபர்களை நல்வழிப்படுத்தலாம் என்று தீர்மானித்து, 1890-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே விளையாட்டுகள் பருவத்தைப் பார்த்து வரும். இலையுதிர் காலத்தில் அமெரிக்க ரகக் கால்பந்து. வசந்தம் வந்தால் பேஸ்பால். இரண்டுக்கும் இடையே வெளியில் பனி கொட்டும் மாதங்களில், கூரைக்கு அடியில் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று வெறும் கஸரத். பதினெட்டு மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்புக்கு இது வேப்பங்காயாகி விட்டது. இரண்டு உபாத்தியாயர்கள் அந்த வகுப்போடு மன்றாடிப் பார்த்துவிட்டு விலகிக் கொண்டார்கள். மூன்றாவதாக வகுப்பு நெய்ஸ்மித்தின் தலையில் விழுந்தது. தேகப்பயிற்சித் துறைத் தலைவர் லூதர் குலிக் அவரைக் கூப்பிட்டு, கூரைக்கு அடியில் ஆடும்படியாகப் புது ஆட்டம் ஒன்று கண்டுபிடிக்கும்படி சொல்லி, 14 நாள் தவணையும் கொடுத்தார்.

முதலில் நெய்ஸ்மித் பழைய ஆட்டங்களையே உள்ளே கொண்டுவரப் பார்த்தார். கால்பந்து ஆடினால் எலும்புக்கு ஆபத்து. லக்ராஸ் ஆடினால் மட்டை முகத்தைப் பதம் பார்த்தது. தவணை தீரும் சமயத்தில் உட்கார்ந்து யோசித்தார். ஒருவன் பந்தோடு ஓடுவதால்தானே மற்றவன் அவன்மேல் விழுகிறான்? ஓடக்கூடாது என்று விதித்துவிட்டால் விழ வேண்டிய அவசியம் இல்லை. இலக்கு தரையில் இருப்பதால்தானே பலங்கொண்ட மட்டும் அடிக்கத் தோன்றுகிறது? இலக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கையாக வைத்தால், பலத்தால் பிரயோஜனம் இல்லை. பந்தை மெல்ல வளைத்துத்தான் போட வேண்டும். சிறு வயதில் சொந்த ஊரில் ஆடிய ஓர் ஆட்டம் அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. பாறைமேல் வைத்த கல்லை இன்னொரு கல்லால் தட்டிவிட வேண்டும். வேகமாக எறிந்தவனின் கல் குறி தவறினால் எங்கேயோ போய்விடும். அவன் அகப்பட்டுக் கொள்வான். நிதானமாக வளைத்து எறிந்தவன் தப்புவான்.

மறுநாள் கல்லூரிக் காவலர் ஸ்டெப்பின்ஸிடம் இரண்டு சதுரப் பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடை இரண்டு இருக்கிறது என்றார் அவர். கூடத்தின் மேல் நடையில் ஓடிய கைப்பிடிச் சட்டத்தில் கூடைகளை ஆணியடித்து மாட்டினார்கள். அந்தச் சட்டம் தரையிலிருந்து 10 அடி உயரம். சாஸ்திரம் எதுவும் இல்லை. தச்சன் அங்கே சட்டம் வைத்திருந்தான், அவ்வளவுதான். உலகமெங்கும் இன்றுவரை கூடையின் உயரம் அதே 10 அடி!

பதின்மூன்று விதிகளைத் தட்டெழுத்தில் அடித்து அறிவிப்புப் பலகையில் குத்தினார். பந்து, சாதாரணக் கால்பந்து. அன்றைய ஆட்டம் முழுவதிலும் பந்து ஒரே ஒரு முறைதான் கூடைக்குள் விழுந்தது. வில்லியம் சேஸ் என்ற மாணவர் போட்டார். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், விழுந்த பந்தை ஏறித்தான் எடுக்க வேண்டும்.

நான் முக்கியமாகக் கருதுவது இன்னொரு கணக்கை. பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடினார்கள்? ஒன்பது பேர். ஏன் ஒன்பது? வகுப்பில் இருந்தது 18 பேர் என்பதால்தான். வேறு காரணமே இல்லை. இவன் ஆடட்டும், அவன் உட்காரட்டும் என்ற பேச்சு அங்கே எழவில்லை. அடங்காத ஒரு வகுப்பு முழுவதற்கும் மருந்தாக வந்த ஆட்டம் அல்லவா? ஆட்கள் குறையக் குறைய ஆட்டத்தில் நுட்பம் கூடும், ஆட்கள் கூடக் கூட வேடிக்கை கூடும் என்பது நெய்ஸ்மித்தின் அபிப்பிராயம். இரண்டும் அவருக்குச் சம்மதமே. சில மாதங்களிலேயே பக்கத்துப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினிகள் வந்து பார்த்தார்கள், தாங்களும் ஆடினார்கள். 1893-இல் ஸ்மித் கல்லூரியில் ஸென்டா பெரன்ஸன் என்ற ஆசிரியை தம் மாணவிகளை இரண்டு கட்சியாகப் பிரித்து ஆட வைத்தார்.

ஆட்டம் ஊரெல்லாம் பரவிற்று. கூடவே வம்பும் வந்தது. அறுபது பேர் கஸரத் செய்யும் கூடத்தைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு பந்து போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒய்.எம்.சி.ஏ. கூடங்கள் சிலவற்றில் ஆட்டத்துக்கே தடை போட்டார்கள். துரத்தப்பட்ட அணிகள் வெளியே மண்டபம் வாடகைக்குப் பிடித்தன. வாடகைக்காக டிக்கெட் விற்றன. 1896-இல் நியூஜெர்ஸி மாகாணத்து ட்ரென்டன் நகரில் ஆட்டக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு ஆடியதாகச் சொல்வார்கள். 1897-இல் பக்கத்துக்கு ஐந்து பேர் என்று நிலைத்தது. எல்லோரையும் சேர்ப்பதற்காகப் பிறந்த ஆட்டத்தில் ஆறு வருஷத்துக்குள் ஐந்து பேர் ஆட, சிலர் பெஞ்சியில் உட்கார, மற்றவர்கள் காசு கொடுத்துப் பார்க்க என்று மூன்று ஜாதி உண்டாகிவிட்டது.

குழந்தைகளின் கதி இன்னும் மோசம். தச்சன் வைத்த 10 அடியை எட்டு வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்து என்ன செய்யும்? 1950-களின் தொடக்கத்தில் பென்ஸில்வேனியா மாகாணத்து ஸ்க்ரான்டன் நகரில் ஜே ஆர்ச்சர் என்பவர் கூடையை எட்டரை அடிக்கு இறக்கினார், பந்தையும் சிறிதாக்கினார். அந்த யோசனை கடல் கடந்து, 1962-இல் ஸ்பெயினில் 'மினி' கூடைப் பந்தாகக் காலூன்றியது. 1968-இல் சர்வதேசக் கூடைப் பந்துச் சம்மேளனம் அதற்கென ஒரு குழுவே அமைத்தது. பத்துக் குழந்தைகள் வந்தால் பத்துப் பேருக்கும் முறை உண்டு, ஒரே குழந்தை ஆட்டம் முழுவதையும் பிடித்துக் கொள்ளக் கூடாது என்ற எண்ணமும் அந்த விதிகளோடு வந்தது. 1970-களில் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.யும் சிறுவர்களுக்கான அணிகளை அமைத்து, எல்லோரும் ஆட வேண்டும் என்பதையே கொள்கையாக்கியது. ஆட்டத்தை ஒரு காலத்தில் வாசலுக்கு வெளியே அனுப்பிய வீடு, அதைத் திரும்ப உள்ளே அழைத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

நமக்கும் இதில் ஒரு பந்துத்துவம் உண்டு. அதே ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் படித்த ஹாரி க்ரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். அங்கே பயின்ற டிரில் மாஸ்டர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பரவினார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள், ஒரே ஒரு பந்து என்ற நெய்ஸ்மித்தின் சங்கடம் அவர்களுக்கும் புதிதல்ல.

கடைசியாக ஒரு விஷயம். நெய்ஸ்மித் பிறகு கான்ஸஸ் சர்வகலாசாலைக்குப் போய் அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். 55 ஆட்டங்களில் ஜெயித்தார், 60-இல் தோற்றார். அந்தச் சர்வகலாசாலையின் கூடைப் பந்துப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர், ஆட்டத்தைப் படைத்த அந்த ஒருவர்தான்! அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில், திறந்த வெளியில் தம் ஆட்டம் ஆடப்படுவதைக் கண்ணாரக் கண்டார். மூன்று வருஷம் கழித்துக் காலமானார்.

பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பருவத்தின் முதல் நாள் திகைத்து நிற்கும் பயிற்சியாளருக்கு, அவருடைய வாழ்க்கை சொல்வது சுருக்கமானது. அன்று வகுப்புக்கு 18 பேர் வந்திருந்தார்கள். அவர் 18 பேரையும் இறக்கினார்.