கோட்டை வாசலில் கோணேசர் கல்

திருகோணமலை நகரில், ஒல்லாந்தர் காலத்து மாளிகையொன்றில் கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று நூதனசாலை இயங்குகிறது. கப்பல்களையும் கடலோடிகளையும் பற்றி அறிய நல்ல இடம். ஆனால் வெளியூரிலிருந்து வருவோரை நான் முதலில் கூட்டிப்போவது பிரெடரிக் கோட்டை வாசலுக்குத்தான்.

கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே 1624 அளவில் இக்கோட்டையைக் கட்டினர். வாசலில் தமிழ்க் கல்வெட்டும் இரட்டை மீன் சின்னமும் இன்றும் உள்ளன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னர் பறங்கியர் அழிப்பர் எனச் சொல்லும் பாடல் அது என்பது வழக்கு. பல எழுத்துகள் சிதைந்துவிட்டன. கோட்டைக்குள் இராணுவ முகாம். கோயிலுக்குப் போகும் வழியும் அதுவே. போர்க்காலத்தில் அடையாள அட்டையோடு அங்கே நின்ற நாட்களில் அந்தக் கல்லை நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

கிழக்கின் இன்னொரு செல்வம் நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரா சிலையை முன்னாள் ஆளுநர் பிரவுண்ரிக் கையளிக்க, 1830 முதல் அது லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

கோயில் இடிபட்ட காலத்தில் புதைக்கப்பட்டவை எனக் கருதப்படும் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் முதலிய செப்புத் திருமேனிகள் 1950 இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. அவை கோணேசர் கோயிலுக்கே திரும்பின; இன்றும் பூசையில் இருக்கின்றன.