பதிவேட்டில் கரையும் கரை: பழவேற்காட்டுப் பெண்களும் மார்பகப் புற்றுநோய்க் கணக்கும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு பெண் செய்யும் வேலையை வைத்தே அவர் எந்தச் சமூகத்தவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறியில் போடுபவர் இருளர். ஏலக்கரையில் விலை பேசுபவர் பட்டினவர். வீட்டு நிழலில் பனையோலைக் கூடை முடைபவர் அநேகமாக முஸ்லிம். ஒரே உப்புக்காற்றுதான், ஆனால் மணவயதும் பிள்ளைப்பேறும் வருமானமும் மருத்துவரிடம் போகும் வழக்கமும் வேறுவேறு. இவர்களில் யாருக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம்? கேள்வி நியாயமானது. ஆனால் இந்த ஏரிக்கரைக்கு அது பயன்படாது என்பதே என் கட்சி.

பிற இடங்களில் அது பயன்பட்டிருக்கிறது. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேடு 1968 முதல் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எனப் பிரித்தே கணக்கிடுகிறது; மார்பகப் புற்று நெடுங்காலம் சீனப் பெண்களிடம் மிகுதியாக இருந்தது. தென் தாய்லாந்தின் சோங்க்லாவில் பௌத்தப் பெண்களைவிட முஸ்லிம் பெண்களிடம் அது குறைவு. அங்கெல்லாம் ஒவ்வொரு பிரிவிலும் இலட்சக்கணக்கானோர் உண்டு. நம் ஏரிக்கரையில் அப்படியில்லை.

சென்னைப் பதிவேடு 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இயங்குகிறது. 2012–16 காலத்துக்கு அது தந்த வயது சீரமைத்த விகிதம், இலட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு 42.2. மகாராஷ்டிரத்தின் பார்சி கிராமப் பதிவேட்டில் அதில் பாதிகூட இல்லை. மாநிலம் முழுமைக்குமான பதிவு 2012இல் தொடங்கியது. அதில் பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் சேர்கிறது. ஆவடியின் தொழிற்சாலைக் குடியிருப்பும் ஏரிக்கரைக் குப்பமான தோணிரவும் அங்கே ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. படிவம் மதமும் தாய்மொழியும் கேட்கிறது. பட்டினவரும் இருளரும் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுவார்கள்.

சமூகத்தைக் குறிக்க ஒரு கட்டம் சேர்த்தால் தீருமா? தீராது. ஒரு சமூகத்தில் பத்தாயிரம் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னை விகிதமே இருந்தாலும் ஆண்டுக்கு நான்கு நோயாளிகள். ஓராண்டு இரண்டு, மறு ஆண்டு ஏழு என்று வந்தால் அது தற்செயலாகவே இருக்கலாம். சில நூறு பெண்கள் வாழும் இருளர் குடியிருப்பில் ஒரு நோயாளியைக் காணவே பல ஆண்டுகள் ஆகும். இந்த எண்களை வைத்துக்கொண்டு மரபணுவைப் பேசுவதும், மீன் தின்பதால் நோய் வராது என்று பேசுவதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இளவயதில் முதல் பேறு, பல பிள்ளைகள், நீண்ட தாய்ப்பால் ஆகியவை காப்பு என்பது உண்மை. 2002இல் வெளியான ஆக்ஸ்போர்டு கூட்டாய்வின்படி ஒவ்வொரு பேறும் ஆபத்தை 7 சதவீதமும், பாலூட்டும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதமும் 4.3 சதவீதமும் குறைக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2019–21 குடும்பநல ஆய்வில் 1.8 ஆக இறங்கிவிட்டது. பாட்டிமாருக்கு இருந்த காப்பு பேத்திகளுக்கு இல்லை.

இங்கே உண்மையில் அளக்கத்தக்க வேறுபாடு, நோயாளி எந்த நிலையில் மருத்துவரிடம் வந்து சேர்கிறார் என்பதே. தொடக்கத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததை நோயென்று கொள்ளாதது அறியாமை மட்டுமல்ல, கூலிக் கணக்கும்கூட. இறாலுக்குப் போகாத நாளில் இருளர் வீட்டில் வருமானமில்லை. பொன்னேரிக்குப் போய் அங்கிருந்து சென்னை போய்த் திரும்பினால் பகல் முடிந்துவிடும். பரிசோதிப்பவர் பெண்ணாக இருந்தால்தான் வருவேன் என்பவர் மூன்று சமூகங்களிலும் உண்டு. அதை ஒரு மதத்தின் கூச்சமாக எழுதுவது சோம்பல்.

வழி இல்லாமல் இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கொரு முறை கையால் பரிசோதித்தார்கள். நோய் முன்னதாகவே பிடிபட்டது; ஐம்பது வயதைத் தாண்டியோரிடம் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. மொத்தப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோது குறைவு சிறிது, உறுதிப்படவுமில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். அந்த வேலைக்கு மாமோகிராம் தேவைப்படவில்லை. நம் கிராம சுகாதாரச் செவிலியர் குப்பம் குப்பமாகப் போகிறவர்தான்.

ஆகவே பதிவேட்டாரிடம் கேட்பது சிறிய காரியம். மாவட்டத்தோடு நிற்காமல் குப்பத்தின் பெயரையும் நோயின் நிலையையும் சேர்த்து ஆராயுங்கள். எண்ணூருக்கு வடக்கே உள்ள கரையூர்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒன்றாகத் தொகுங்கள். கட்டியை முதன்முதலில் கை தொட்டுணர்ந்தது எந்த மாதம் என்று கேட்டெழுத, படிவத்தில் ஒரு வரி ஒதுக்குங்கள்.