மேடையில் ஒருவர், திரையில் இருவர்: இசை நாடகம் திரைப்படமாகும்போது குரல் யாருக்குச் சொந்தம்?

அறுபத்து மூன்றாவது தேசியத் திரைப்பட விருதுகளில், 2015-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகர் விருது மகேஷ் காலேவுக்கு வழங்கப்பட்டது. 'கட்யார் காளஜாத் குஸலி' என்ற மராத்தித் திரைப்படத்தில், சதாசிவ் என்ற கதாபாத்திரத்துக்காக அவர் பாடியிருந்தார். அந்த வேடத்தில் நடித்தவர் படத்தின் இயக்குநர் சுபோத் பாவே. இந்திய ரசிகர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. ஆனால், இதே கதை படமாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு மேடையேறியபோது, சதாசிவ் வேடத்தில் நடித்துப் பாடியவரும் மகேஷ் காலேதான். மேடையிலிருந்து திரைக்கு வந்தபோது அவரது குரல் தங்கியது, முகம் மாறியது.

மேடை இசை நாடகங்களைத் திரைப்படமாக்கும் எவரும் தவிர்க்க முடியாத கேள்வி இது. மேடையில் நடிப்பும் பாட்டும் ஒரே உடலில் நிகழ்கின்றன. திரையில் அவற்றைப் பிரிக்கலாம். பிரித்தபின், குரலுக்கு உரியவரின் பெயர் வெளியே சொல்லப்படுகிறதா என்பதில் இந்தியாவும் ஹாலிவுட்டும் நீண்டகாலம் வெவ்வேறு வழிகளில் சென்றன.

புருஷோத்தம் தார்வேகர் எழுதி, ஜிதேந்திர அபிஷேகி இசையமைத்த 'கட்யார்' நாடகம் 1967-ஆம் ஆண்டு அரங்கேறியது. தமிழில் கட்டாரி எனப்படும் குறுவாளையே தலைப்பு குறிக்கிறது. அரசவைப் பாடகருக்கு வழங்கப்படும் அந்த வாளைக் கொண்டு அவர் ஒரு கொலை செய்தாலும் தண்டனை இல்லை என்பது கதையின் விதி. பண்டிட் பானுசங்கர், கான்சாகேப் அஃப்தாப் ஹுசேன் ஆகிய இருவரும் வெவ்வேறு கரானாக்களைச் சேர்ந்தவர்கள். பண்டிட்டின் இடத்தைக் கான்சாகேப் கைப்பற்றுகிறார். பண்டிட்டிடம் கற்க வந்த சதாசிவ், கான்சாகேப்பின் பாட்டை மறைந்திருந்து கேட்டுக் கற்க முயல்கிறான்.

இங்கு பாட்டு கதைக்கு இடையே வரும் அலங்காரம் அன்று. இரு கரானாக்களின் வேறுபாடு காதில் விழாவிட்டால் பகைக்கே பொருள் இல்லை; சதாசிவின் குரலில் இரண்டும் கலந்து ஒலிக்காவிட்டால் முடிவுக்கும் பொருள் இல்லை. ஆகவே யாரைப் பாட வைப்பது என்பது இந்நாடகத்தில் ஏறத்தாழ கதையை எழுதுவதற்கு நிகரான முடிவு. கான்சாகேப் வேடத்தை ஏற்ற வசந்த்ராவ் தேஷ்பாண்டே, இந்துஸ்தானி இசையில் ஆழ்ந்த புலமை கொண்டவர். அந்த வேடமும் அவரது பெயரும் மராத்தி ரசிகர் மனத்தில் பிரிக்க முடியாதவையாயின.

பின்னாளில் நாடகத்துக்குப் புத்துயிர் அளிக்கப்பட்டபோது, அவரது பேரன் ராகுல் தேஷ்பாண்டே கான்சாகேப்பாக மேடையேறினார். திரைப்படத்தில் அந்த வேடம் சச்சின் பில்காவ்கருக்குச் சென்றது. குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கி, 'ஷோலே' படத்தில் அகமதுவாகத் தோன்றியவர் அவர். குரல் மட்டும் ராகுல் தேஷ்பாண்டேயுடையதாகவே இருந்தது. பரந்த ரசிகர் கூட்டத்துக்குப் பழகிய முகம், மேடை மரபு அறிந்தவர்களுக்குப் பழகிய குரல் என இரண்டையும் படக்குழு பெற்றுக்கொண்டது.

மூன்றாவது முக்கிய வேடத்தில் எதிர்த்திசையில் ஒரு துணிவு இருந்தது. பண்டிட் பானுசங்கராக நடித்தவர் பாடகர் சங்கர் மகாதேவன். மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்தவரான அவர், 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றவர். நடிப்பில் முன் அனுபவம் இல்லாதவரிடம் கனமான வேடத்தை ஒப்படைத்ததால், பண்டிட்டின் காட்சிகளில் முகமும் குரலும் ஒருவருடையவையாயின. பாடும்போது கழுத்து நரம்பும் மூச்சும் குரலோடு இணைந்து இயங்குவதை அண்மைக் காட்சிகளில் காணலாம். வாயசைப்பில் எவ்வளவு தேர்ந்தவருக்கும் எளிதில் வராதது அது.

மகாராஷ்டிரத்தின் சங்கீத நாடக மரபில் தொடக்கத்தில் இந்தப் பிரிவினைக்கு இடமே இல்லை. அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் 'சங்கீத சாகுந்தலம்' 1880-ஆம் ஆண்டு புணேயில் அரங்கேறியது முதல், பாடத் தெரிந்தவரே நாயகன், நாயகி. பெண் வேடங்களில் புகழ்பெற்ற பால கந்தர்வரின் பாடல்களை ரசிகர்கள் மீண்டும் மீண்டும் பாடச் சொல்லிக் கேட்டனர். திரைப்படம் பேசத் தொடங்கியபோதும் இந்த விதியே தொடர்ந்தது. பிரபாத் நிறுவனத்தின் 'அயோத்யேசா ராஜா' (1932) படத்தில் அரிச்சந்திரனாக நடித்தவர், நாடக இசையமைப்பாளரான கோவிந்தராவ் டெம்பே. தமிழிலும் இதே நிலைதான். 'பவளக்கொடி' நாடகத்தில் நடித்துப் பாடிய எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியுமே, கே. சுப்பிரமணியம் இயக்கிய 1934-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் நடித்தனர்.

கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் 1935-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தூப் சாவோன்' படத்தில் பின்னணிப் பாடல் முறை புகுந்தது. தொடக்கத்தில் பாடகர் பெயர் மறைந்தே கிடந்தது. 'மஹல்' (1949) படத்தின் புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்றே அச்சிடப்பட்டிருந்தது. அந்த நிலை விரைவில் மாறி, பின்னணிப் பாடகர்கள் தாமே நட்சத்திரங்களாயினர்.

ஹாலிவுட்டில் மறைவு நீடித்தது. 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபோரா கெர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்தில் நடாலி வுட், 'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் ஆகியோருக்காகப் பாடியவர் மார்னி நிக்சன் என்ற ஒரே பாடகி. மூன்று படங்களின் பெயர்ப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைத்தட்டு வருவாயில், இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தமது பங்கிலிருந்து ஒரு சிறு பகுதியை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

'மை ஃபேர் லேடி' விவகாரம் இன்றும் பேசப்படுகிறது. பிராட்வே மேடையில் எலைசா வேடத்தை உருவாக்கிய ஜூலி ஆண்ட்ரூஸ், திரையில் அறிமுகம் இல்லாதவர் என்பதால் ஒதுக்கப்பட்டார். பாடல்களுக்குப் பயிற்சி எடுத்துப் பதிவும் செய்திருந்த ஹெப்பர்னின் குரல், சில பகுதிகள் தவிர நீக்கப்பட்டது. படம் எட்டு ஆஸ்கர் விருதுகளை வென்றபோதும் ஹெப்பர்ன் பரிந்துரைக்கப்படவே இல்லை. அதே விழாவில் சிறந்த நடிகை விருதைப் பெற்றவர், 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நடித்த ஆண்ட்ரூஸ். அவர் நடித்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்தில் கன்னியாஸ்திரிகளுள் ஒருவராக நிக்சனும் திரையில் தோன்றினார்.

அதே 'மை ஃபேர் லேடி'யில் நாயகன் ரெக்ஸ் ஹாரிசன், தம் மேடைப் பாணியில் பாதி பேசியும் பாதி பாடியும் நடிக்க விரும்பியதால், கழுத்துப் பட்டைக்குள் ஒலிவாங்கியை மறைத்துப் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவு செய்தனர். அந்த விதிவிலக்கு 'லே மிசராப்ள்' (2012) படத்தில் முழு முறையாகவே ஆனது. காதில் பொருத்திய சிறு கருவியில் பியானோவைக் கேட்டபடி நடிகர்கள் பாட, வாத்தியக் குழுவின் இசை பின்னர் சேர்க்கப்பட்டது. உடைந்த குரலில் ஒரே நீண்ட காட்சியாகப் பாடிய ஆன் ஹாத்வேக்கு ஆஸ்கர் கிடைத்தது. ரஸ்ஸல் குரோவின் பாட்டு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. இம்முறை நடிகரின் உணர்ச்சியைப் போலவே குறையையும் மறைப்பதில்லை. 'விக்கெட்' (2024) படத்திலும் சிந்தியா எரிவோ, அரியானா கிராண்டே ஆகியோர் பெரும்பாலும் தளத்திலேயே பாடினர். அவர்கள் பாடகிகளாகவே தேர்வானவர்கள்.

மராத்தியில் பணி தொடர்கிறது. 1911-ஆம் ஆண்டின் 'சங்கீத மானாபமான்' நாடகத்தைத் தழுவி சுபோத் பாவே இயக்கி நடித்த படம் 2025 ஜனவரியில் வெளியானது. அதற்கு முன்பே, 2022-ஆம் ஆண்டு திரைக்கு வந்த 'மீ வசந்த்ராவ்' படத்தில் ராகுல் தேஷ்பாண்டே தமது தாத்தாவாகத் தாமே நடித்துப் பாடினார். அப்படத்துக்காக 68-ஆவது தேசிய விருதுகளில் அவருக்குக் கிடைத்ததும் சிறந்த பின்னணிப் பாடகர் விருதே.