அமர் சிங் சம்கிலா: ஊரே கேட்ட பாடகன், யாரும் காப்பாற்றாத பாடகன்

ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 தர்மபுரி வழியாகப் போகிறது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே சாலைதான் பஞ்சாபில் லூதியானாவையும் ஜலந்தரையும் தொட்டுப் போகிறது. 1980-களில் அந்தப் பக்கத்து லாரி டிரைவர்களின் டேப் ரெக்கார்டரில் ஓயாமல் ஓடிய ஒரு குரல் உண்டு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அமர் சிங் சம்கிலா. அவருடைய வாழ்க்கையைத்தான் இம்தியாஸ் அலி 'அமர் சிங் சம்கிலா' என்ற பெயரில் இந்திப் படமாக எடுத்தார். 2024 ஏப்ரல் 12 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. இசை நம்ம ஊர் ஏ.ஆர்.ரஹ்மான்!

அமெரிக்காவில் இந்த மாதிரிப் படங்களுக்குத் தனி மரபே இருக்கிறது. கிராமத்துப் பாட்டு, புகழ், போதை, வீழ்ச்சி, கடைசியில் காதலால் மீட்சி. ஜானி கேஷ் பற்றி 2005-ல் வந்த 'வாக் த லைன்' இதற்கு நல்ல உதாரணம். ஆனால் சம்கிலாவின் கதை அந்த அச்சில் அடங்காது. ஜானி கேஷுக்கு எதிரி அவருக்குள்ளேயே இருந்தான். சம்கிலாவின் எதிரிகள் வெளியே இருந்தார்கள்.

யார் இந்த சம்கிலா?

இயற்பெயர் தனி ராம். 1960 ஜூலை 21-ல் லூதியானாவை ஒட்டிய துக்ரி கிராமத்தில் ஒரு ஏழை தலித் குடும்பத்தில் பிறந்தார். எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்பது சிறுவயது ஆசை. கிடைத்ததோ லூதியானா பனியன் மில்லில் வேலை. 1979 வாக்கில் அப்போது புகழோடு இருந்த பாடகர் சுரிந்தர் ஷிந்தாவிடம் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். எழுதியதெல்லாம் ஹிட். பாடியவருக்குப் பெயர் வந்தது, எழுதியவர் எடுபிடியாகவே இருந்தார். சீக்கிரமே தானே மேடை ஏறினார். 'சம்கிலா' என்றால் மினுமினுப்பவன் என்று பொருள்.

பஞ்சாபி கிராமிய மேடையில் ஆணும் பெண்ணும் எதிர்ப்பாட்டு பாடுவதுதான் வழக்கம். முதலில் சுரிந்தர் சோனியாவுடன் பாடினார். பிறகு கிடைத்த ஜோடிதான் அமர்ஜோத். அவர் ஜாட் சாதியைச் சேர்ந்தவர். சம்கிலாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. இருந்தும் இருவரும் மணந்து கொண்டார்கள். மேடையில் கைதட்டிய ஊரே இந்தத் திருமணத்தை ஏற்கத் தயாராக இல்லை. ஒரு தலித் ஆண் பாடினால் ரசிக்கலாம், ஆதிக்க சாதிப் பெண்ணை மணந்தால் பொறுக்க முடியாது! இதைப் புரிந்துகொள்ள தர்மபுரிக்காரர்கள் பஞ்சாப் வரை போக வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது இதே மாவட்டத்தில்தான்.

கேசட் செய்த மாயம்

சம்கிலாவின் வெற்றிக்குக் குரல் மட்டும் காரணமல்ல, கேசட்டும் ஒரு காரணம். அதற்கு முன் இசைத்தட்டுக் காலம். இசைத்தட்டும் விலை அதிகம், அதைப் போடும் பெட்டியும் விலை அதிகம். வசதியுள்ளவர் வீட்டுக் கூடத்தில்தான் அது இருக்கும். எந்தப் பாட்டு வெளிவர வேண்டும் என்பதை எச்.எம்.வி. போன்ற ஒன்றிரண்டு கம்பெனிகளே தீர்மானித்தன.

கேசட் வந்ததும் கணக்கு மாறியது. விலை குறைவு. ஒன்றைப் பார்த்து இன்னொன்று பதிவு செய்வது சுலபம். டிராக்டரிலும் லாரியிலும் டீக்கடையிலும் ஓடும். தமிழ்நாட்டில் காலி கேசட்டைக் கொடுத்து, பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு இது நன்றாகவே புரியும். காசு கொடுப்பவர் மாறியதும் பாட்டும் மாறியது. கூடத்தில் குடும்பத்தோடு கேட்ட பாட்டுக்குப் பதில் வயலில், சாலையில், நண்பர்களோடு கேட்கும் பாட்டு விற்றது. சம்கிலா பாடியது அந்தச் சந்தைக்குத்தான். குடி, கள்ள உறவு, மச்சினி கேலி, மாமனார் வீட்டு வம்பு என்று கிராமத்தில் எல்லோரும் பேசி, யாரும் ஒத்துக்கொள்ளாத விஷயங்கள். 365 நாளில் 366 நிகழ்ச்சிகள் என்று அவரைப் பற்றி இன்றும் ஒரு பேச்சு உண்டு.

ஆபாசமா?

பெண்ணைக் கேலிப் பொருளாக்கும் வரிகள் அவர் பாட்டுகளில் இருக்கின்றன. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அந்த வகைப் பாட்டை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பும் அது இருந்தது. இங்கே தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் நடுராத்திரியில் கட்டியக்காரன் பேசாத பேச்சா? அதைக் கேட்டு வயதான பாட்டிகளும் சிரிக்கிறார்கள். திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போவதும், ஆபாசம் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடுவதும் தமிழ்நாட்டில் வாடிக்கை. ஆக, கேள்வி ஆபாசம் பற்றி மட்டும் அல்ல. அதை யார் பாடுகிறார், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான்.

துப்பாக்கிக் காலம்

1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். தொடர்ந்து டெல்லியில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பஞ்சாபில் தீவிரவாதமும் போலீஸ் அடக்குமுறையும் மாறி மாறி வளர்ந்தன. 1987-ல் தீவிரவாதக் குழுக்கள் 'சமூக சீர்திருத்தம்' என்ற பெயரில் மது, இறைச்சி, ஆடம்பரக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் தடை போட்டன. கல்யாண மேடைதான் சம்கிலாவின் பிழைப்பு! மிரட்டல் வந்ததும் பக்திப் பாடல் கேசட்டுகளும் வெளியிட்டார். அவையும் நன்றாக விற்றன. ஆனால் மேடைக்குப் போனால் கூட்டம் கேட்டது பழைய பாட்டைத்தான்.

1988 மார்ச் 8. ஜலந்தர் மாவட்டம் மெஹ்சம்பூர் கிராமத்தில் நிகழ்ச்சி. பிற்பகல் 2 மணியளவில் காரை விட்டு இறங்கியவர்களைச் சுட்டார்கள். சம்கிலா, அமர்ஜோத், குழுவினர் இருவர் என நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். சம்கிலாவுக்கு வயது 27. தீவிரவாதிகள், தொழில் போட்டியாளர்கள், சாதி ஆத்திரம் என்று மூன்று விதமாகவும் சந்தேகம் சொல்லப்பட்டது. இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. சரியாகப் பதினைந்து நாள் கழித்து, மார்ச் 23-ல், புரட்சிக் கவிஞர் பாஷும் காலிஸ்தான் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர் இலக்கியம், இன்னொருவர் 'மட்டமான' பாட்டு. துப்பாக்கி வித்தியாசம் பார்க்கவில்லை.

படம் எப்படி?

கொலையில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது படம். தில்ஜித் தோசாஞ்சும் பரினீதி சோப்ராவும் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடியிருக்கிறார்கள். அதனால் மேடைக் காட்சிகளில் உயிர் இருக்கிறது. பெண்களும் இந்தப் பாட்டுகளை ரசித்தார்கள் என்பதைக் காட்ட ரஹ்மான் ஒரு முழுப் பாடலையே பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார். 2025-ல் சர்வதேச எம்மி விருதுக்குப் படமும் தில்ஜித்தும் பரிந்துரைக்கப்பட்டார்கள். குறை என்றால், முதல் மனைவிக்கு நடந்த அநியாயத்தைப் படம் சீக்கிரம் கடந்து போகிறது.

கொலையாளி யார் என்று படம் சொல்லவில்லை. அது சரியான முடிவு. ஏனென்றால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பஞ்சாபில் அவர் பாட்டைக் கேட்காத கிராமம் இல்லை. பகலில் அவரைத் திட்டியவர்களே ராத்திரியில் அவர் கேசட்டைப் போட்டார்கள். அத்தனை லட்சம் ரசிகர்களில், மிரட்டல் வந்தபோது 'இவர் எங்கள் பாடகர், இவரைத் தொடாதே' என்று பகிரங்கமாகச் சொல்ல ஒரு கூட்டம் திரளவில்லை. கேசட்டுக்குக் கொடுத்த காசோடு கடமை முடிந்தது என்று ஊர் நினைத்தது. அதற்கான விலையை சம்கிலாவும் அமர்ஜோத்தும் கொடுத்தார்கள்.