வரியும் தூரமும்

வரியின் வரலாறு பெரும்பாலும் அரசுகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த மன்னன் எவ்வளவு தண்டினான், எந்த நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தை இயற்றியது, எந்தக் கலகம் எந்த முடியைக் கவிழ்த்தது என்றே அது நகர்கிறது. செலுத்தியவனின் பக்கமிருந்து அதை எழுத முனைந்தால் வேறொரு கேள்வி முன்னால் வந்து நிற்கும். இந்த வரி முறையற்றது என்று அவன் நினைத்தால், அதைச் சொல்ல எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரி வழக்குகள் சிலவற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம் என்று கருதுகிறோம். அங்கே ஒரே மனிதன் மீது மாநில அரசும் கூட்டாட்சி அரசும் தனித்தனியே வரி விதிக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி அலுவலகம், தனித்தனிக் கெடு.

அந்நாட்டின் முதல் அரசமைப்பு ஏற்பாட்டில் மைய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. 1781-ல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி காங்கிரஸ் மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடுத்தால் உண்டு. போர்க்கடனை அடைக்க மாநிலங்கள் தத்தம் குடிகளை நெருக்கின. மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதி உழவர்கள் 1786-ல் ஆயுதம் ஏந்தியதற்குக் கடன் தொல்லையோடு அந்த வரிச்சுமையும் காரணம். மறு ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட புதிய அரசமைப்புச் சட்டம் கூட்டாட்சி அரசின் கையில் வரி அதிகாரத்தைக் கொடுத்தது. கூடவே ஒரு கட்டுப்பாட்டையும் வைத்தது: நேர்முக வரி எதுவானாலும் மாநிலங்களின் மக்கள்தொகை விகிதப்படி பங்கிடப்பட வேண்டும். நேர்முக வரி என்றால் எது என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. அந்த ஒரு சொல்லின் பொருளைத் தேடி அமெரிக்க நீதிமன்றங்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அலைந்திருக்கின்றன.

புதிய அதிகாரம் முதலில் சென்று தட்டிய கதவுகளில் ஒன்று சிறு சாராயக் காய்ச்சுபவனுடையது. நிதிச் செயலாளர் அலெக்ஸாண்டர் ஹாமில்டனின் முயற்சியால் 1791-ல் விஸ்கி மீது கலால் வரி வந்தது. அலகேனி மலைகளுக்கு மேற்கே, பென்ஸில்வேனியாவின் எல்லைப்புறத்தில், கம்புப்புல்லைப் போன்ற ரை தானியத்தை மூட்டை மூட்டையாக மலை கடத்திக் கிழக்குச் சந்தைக்குக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது. அதையே காய்ச்சிப் பீப்பாயில் அடைத்தால் பாரம் குறையும், விலை கூடும். காசு அரிதான அந்த ஊர்களில் விஸ்கியே கூலியாகவும் பண்டமாற்றாகவும் புழங்கியது. வரியையோ ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் ஓயாமல் காய்ச்சும் பெரிய ஆலைக்கு காலன் ஒன்றுக்கு விழுந்த வரி குறைவு. அறுவடைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் அடுப்பு மூட்டும் உழவனுக்கு அது அதிகம்.

இவை எல்லோரும் சொல்லும் காரணங்கள். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று உண்டு. வரி கட்டாதவன் மீது வழக்கு வந்தால் அவன் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஏறத்தாழ முந்நூறு மைல், மலை தாண்டிய பயணம். போய்த் திரும்புவதற்குள் பருவம் தவறிவிடும். வழக்கில் வென்றாலும் அவன் தோற்றவன்தான். இந்தக் குறையை உணர்ந்துதான் 1794 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டு, அருகிலுள்ள மாநில நீதிமன்றங்களிலும் இவ்வழக்குகளை விசாரிக்க வழி செய்யப்பட்டது. ஆனால் திருத்தத்துக்கு முன்பே பிறப்பிக்கப்பட்ட அழைப்பாணைகளைக் கையில் ஏந்தி அதிகாரி மேற்கே புறப்பட்டார். ஜூலையில் வரி ஆய்வாளர் ஜான் நெவிலின் வீடு தீக்கிரையானது. அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, வழியின் ஒரு பகுதி வரை தாமே உடன் சென்றார். படை வந்து சேர்ந்தபோது எதிர்த்து நிற்க அங்கே யாரும் இல்லை. இருவர் மீது துரோகக் குற்றம் உறுதியானது. அவர்களையும் வாஷிங்டன் மன்னித்தார். வரி 1802-ல் நீக்கப்பட்டது.

அதே 1794-ல் கூட்டாட்சி அரசு சவாரி வண்டிகளுக்கும் வரி விதித்தது. வர்ஜீனியாவின் வணிகர் டேனியல் ஹில்டன் அதை எதிர்த்தார். வண்டி வரி நேர்முக வரி, எனவே மக்கள்தொகைப்படி பங்கிடாமல் விதித்தது செல்லாது என்பது அவர் தரப்பு. வரியும் தண்டமுமாக வண்டி ஒன்றுக்கு 16 டாலர். வழக்கு உரிய நீதிமன்றங்கள் வழியாக மேலே செல்ல வேண்டுமானால் தாவாவின் மதிப்பு 2,000 டாலரை எட்ட வேண்டும். ஆகவே ஹில்டனிடம் 125 வண்டிகள், அத்தனையும் அவருடைய சொந்த உபயோகத்துக்காக, இருப்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தன! அவர் தோற்றால் 16 டாலர் கட்டினால் போதும் என்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. அரசும் எதிர்ப்பவரும் கூடிக் கற்பனை செய்த அந்த நூற்றுச் சொச்சம் வண்டிகள் நமக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் அவை ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. மெய்யாகவே ஒரே ஒரு வண்டி வைத்திருந்தவனுக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

1796-ல் உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்றது. நீதிபதி சாமுவேல் சேஸ் சொன்ன கணக்கு எளிமையானது. சம மக்கள்தொகை உள்ள இரண்டு மாநிலங்களில் ஒன்றில் 100 வண்டிகளும் மற்றதில் 1,000 வண்டிகளும் இருந்தால், பங்கீட்டு முறையில் முதல் மாநிலத்து வண்டிக்காரர் மற்றவரைப் போலப் பத்து மடங்கு கட்ட நேரும். இத்தகைய அநீதி விளையும் வரியைப் பங்கிடச் சொல்வது அரசமைப்பின் நோக்கமாக இருக்க முடியாது. தலைவரியும் நிலவரியும்தான் நேர்முக வரிகள் போலும் என்ற எண்ணம் அன்றிலிருந்து ஏறத்தாழ நூறாண்டு நிலைத்தது.

இடையில் அரசுகள் தங்களுக்குள் மோதிக்கொண்டன. கூட்டாட்சி அரசு அமைத்த வங்கியின் பால்டிமோர் கிளைக்கு மேரிலாந்து மாநிலம் வரி விதித்தபோது, 1819-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அது செல்லாது என்றார். வரி விதிக்கும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்ற அவருடைய கருத்து இன்றும் மேற்கோளாகச் சொல்லப்படுகிறது. அது ஓர் அரசை இன்னோர் அரசிடமிருந்து காக்கச் சொல்லப்பட்டது. சிறு கடைக்காரனைக் காக்க யாரும் அவ்வளவு உரத்துப் பேசவில்லை.

உள்நாட்டுப் போரின்போது வந்த வருமான வரி 1872-ல் மறைந்தது. 1894-ல் 4,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு இரண்டு சதவீதம் என மீண்டும் வந்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை வீழ்த்தியது. சொத்திலிருந்து வரும் வருமானத்துக்கு வரி என்பது சொத்துக்கே வரி, எனவே நேர்முக வரி என்பது போலக் வழக்கின் தீர்ப்பு. அதைக் கடக்க அரசமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. 1913-ல் பதினாறாவது திருத்தம் உறுதியானது. முதல் படிவம் மூன்று பக்கம், விளக்கக் குறிப்பு ஒரு பக்கம். 3,000 டாலருக்கு மேற்பட்ட நிகர வருமானத்துக்கு ஒரு சதவீதம் என்பதால் பெரும்பாலான குடிகளை அது தொடவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே விஸ்கான்சின் மாநிலம் தன் வருமான வரியைத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போர் வருமான வரியைச் சாதாரண மக்களின் வரியாக்கியது. 1943 முதல் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கட்டும் பொறுப்பு முதலாளியின் தலையில் விழுந்தது. நான்கு பேருக்கு வேலை கொடுக்கும் பட்டறைக்காரரும் அன்றிலிருந்து அரசுக்குச் சம்பளமில்லாத் தண்டல்காரர்.

தூரத்தைக் குறைக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. 1924-ல் வரி மேல்முறையீட்டு வாரியம் ஏற்பட்டது; 1942-ல் அது வரி நீதிமன்றம் என்ற பெயரைப் பெற்றது. கேட்ட தொகையை முதலில் கட்டிவிட்டுப் பிறகு வழக்காடு என்ற நிலை மாறி, கட்டுவதற்கு முன்பே வாதிட வழி பிறந்தது. அதன் நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று வழக்கு கேட்கிறார்கள். 1969-ன் சட்டம் சிறிய தொகை வழக்குகளுக்கு எளிய நடைமுறை ஒன்றைத் தந்தது. இன்று அதன் வரம்பு ஓர் ஆண்டுக்கு 50,000 டாலர். சாட்சிய விதிகள் அங்கே தளர்த்தப்படுகின்றன. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இயலாது என்பது அதற்கான விலை. 1794-ன் மலையுழவன் கேட்டதில் ஒரு பகுதி இப்படி நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின் கிடைத்தது. நினைவில் கொள்ள வேண்டியது, இது கூட்டாட்சி வரிக்கு மட்டும்தான். மாநிலங்களின் வரிக்கு அந்தந்த மாநிலத்தின் வாசலையே தட்ட வேண்டும்.

அந்த வாசல்கள் பெருகியது விற்பனை வரியால். 1930களின் பெருமந்தத்தில் நிலவரி வசூல் சரிந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விற்பனை வரிக்கு மாறின. வெளி மாநிலத்திலிருந்து தபாலில் சரக்கு அனுப்புகிறவரிடம் அதை எப்படி வாங்குவது? 1967-ல் ஒரு தபால் வணிக நிறுவனத்தின் வழக்கிலும் 1992-ல் குவில் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒரே விடையைச் சொன்னது: மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாதவரை வரி தண்டித் தரச் சொல்லக் கூடாது. வேண்டுமானால் காங்கிரஸ் சட்டம் இயற்றி இதை மாற்றலாம் என்றும் 1992 தீர்ப்பு சொன்னது. காங்கிரஸ் மாற்றவில்லை. அதற்குள் இணைய வணிகம் வளர்ந்து, தெருமுனைக் கடைக்காரர் வரியோடு விற்க, தொலைவிலிருந்து விற்பவர் வரியின்றி விற்கும் நிலை வந்தது. கடைக்காரரின் மனக்குறை நியாயமானது.

தெற்கு டகோட்டாவில் மாநில வருமான வரி கிடையாது. விற்பனை வரியை நம்பியே அது வாழ்கிறது. ஓர் ஆண்டில் தன் எல்லைக்குள் 1,00,000 டாலருக்கு மேல், அல்லது 200 விற்பனைகளுக்குக் குறையாமல் செய்யும் எவரும் வரி தண்டித் தர வேண்டும் என்று அது சட்டம் இயற்றியது. 2018 ஜூனில் வேஃபேர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அந்த மாநிலத்தின் பக்கம் நின்றனர். பழைய தீர்ப்புகள் கைவிடப்பட்டன. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை இலக்கிய வாசகர்களும் படிக்கலாம். விற்பனை வரி விதிக்கும் வட்டாரங்கள் நாட்டில் 10,000-க்கும் மேல் என்று அவர் சுட்டினார். இல்லினாய்ஸில் ட்விக்ஸ் உணவு, ஸ்னிக்கர்ஸ் மிட்டாய். முன்னதில் மாவு இருப்பதால் வரி வேறு. நியூ ஜெர்ஸியில் ஸ்வெட்டர் பின்ன வாங்கும் நூலுக்கு வரியில்லை. கலைப்பொருள் செய்ய வாங்கினால் உண்டு. வீட்டு மேசையில் அமர்ந்து நூல் விற்கும் ஒருவர் இதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும். ஐந்து டாலர்ப் பொருளை இருநூறு பேருக்கு விற்றவரின் மொத்த வரவு 1,000 டாலர். அவரும் வலைக்குள் வந்தார். தெற்கு டகோட்டாவே 2023-ல் அந்த 200 என்ற வரம்பை நீக்கிக்கொண்டது. விற்பனை வரியே இல்லாத நியூ ஹாம்ப்ஷயரின் வணிகரோ இன்றும் பிற மாநிலங்களுக்குத் தண்டல் செய்துகொண்டிருக்கிறார்.

தனிமனிதரின் வருமானத்திலும் இதே சிக்கல் உண்டு. நியூயார்க்கில் பணிபுரிந்து, வாரத்தில் சில நாள் கனெக்டிகட் வீட்டிலிருந்தே வேலை பார்த்த சட்டப் பேராசிரியர் ஒருவரின் முழுச் சம்பளத்துக்கும் நியூயார்க் வரி கேட்டது. வீட்டில் உழைத்த நாட்களுக்கு கனெக்டிகட்டும் கேட்டது. 2003-ல் நியூயார்க்கின் உச்ச மன்றம் தன் மாநிலத்தின் விதியை ஏற்றது. 2015-ல் மேரிலாந்துத் தம்பதியர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் வென்றனர். பிற மாநிலங்களில் ஈட்டிய வருமானத்துக்கு அங்கே கட்டிய வரியை, கவுன்டி வரிப் பகுதியில் கழிக்க மறுத்தது செல்லாது என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்ப்பு வந்தது.

நேர்முக வரி என்ற பழைய சொல் 2024-ல் மீண்டும் எழுந்தது. எழுப்பியது ஓர் இந்திய நிறுவனத்தின் பங்கு என்பது நமக்குக் கூடுதல் சுவை. சிறு உழவர்களுக்குக் கருவிகள் விற்கும் பெங்களூரின் கிசான்கிராஃப்டில் 40,000 டாலர் முதலிட்ட அமெரிக்கத் தம்பதியர், லாபப் பங்காக ஒரு காசும் பெறாத நிலையில் 14,729 டாலர் வரி கட்ட நேர்ந்தது. கைக்கு வராத வருமானம் வருமானமா என்று கேட்டார்கள். ஏழு நீதிபதிகள் அந்த வரி செல்லும் என்றனர். நிறுவனத்தின் வருமானத்தைப் பங்குதாரருடையதாகக் கருதுவது நெடுநாள் வழக்கம் என்பது காரணம். கேட்ட பெரிய கேள்விக்கு மட்டும் விடை சொல்லவில்லை.

ஹில்டனின் பொய்வண்டிகளிலிருந்து இதுவரை வந்த வழியில், எந்த அரசு வரி விதிக்கலாம் என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் மிகுந்த அக்கறையோடு விடை தேடியிருப்பதைக் காண்கிறோம். அந்த விடையோடு அன்றாடம் வாழ்வது எப்படி என்ற கேள்வி சிறியவர்களிடமே விடப்பட்டது. மலைவழி முந்நூறு மைலின் இடத்தில் இன்று பத்தாயிரம் வட்டாரங்களின் படிவங்கள் இருக்கின்றன. ராபர்ட்ஸ் அந்த மாறுபட்ட தீர்ப்பில் சொன்னதும் அதுவே: இதைச் சீர்செய்ய வேண்டிய இடம் காங்கிரஸ். 1794-ல் காங்கிரஸ் சீர்செய்தது. ஆனால் அழைப்பாணைகள் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டிருந்தன.